கண்வலி விதை: நடவு முதல் மாத்திரை வரை

திருப்பூர் மாவட்டம் என்றதும் பனியன்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம் பக்கத்து வறண்ட காடுகளில் கம்பியைப் பற்றிப் படரும் இன்னொரு ஏற்றுமதிச் சரக்கு கண்வலிக் கிழங்கு. நம் மாநிலப் பூவான செங்காந்தள் இதுதான். காசு பூவில் இல்லை; விதையில் உள்ள கோல்சிசின் என்ற மருந்துப் பொருளில் இருக்கிறது.

ஆனி, ஆடியில் நடலாம். தண்ணீர் தேங்காத செம்மண் நல்லது. கிழங்கு 50 கிராமுக்குக் குறையக் கூடாது. கவட்டை போலப் பிரிந்த கிழங்கில் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. அது ஒடிந்தால் அந்தக் கை வீண். மூட்டையைத் தூக்கி எறிபவர்களிடம் கிழங்கைக் கொடுக்காதீர்கள். பூஞ்சாணக் கொல்லிக் கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடுங்கள். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும் என்பதால் கம்பியோ கிளுவைக் குச்சியோ போதும்.

பூ வந்தபிறகுதான் உண்மையான வேலை. சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலை 8 மணி முதல் 11 மணிக்குள், சிறு பிரஷ்ஷில் மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் தடவ வேண்டும். புதுப் பூ விரிய விரிய, தினமும். பனியன் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிப் போவதும் காலையில்தான். எத்தனை ஏக்கர் போடலாம் என்பதை நிலத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலையில் வரக்கூடிய ஆட்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நட்ட 160 முதல் 180 நாளில் காய் கரும்பச்சையாகித் தோல் சுருங்கும். பறித்து நிழலில் 7 முதல் 10 நாள் போட்டால் காய் பிளந்து ஆரஞ்சு நிற விதை தெரியும். விதையைப் பிரித்து இன்னும் ஒரு வாரம் உலர்த்துங்கள். நன்றாக விளைந்தால் ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ விதை கிடைக்கும்.

இந்தக் கோல்சிசினை 1820-ல் பெல்லட்டியே, கவந்து என்ற பிரெஞ்சுக்காரர்கள் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து பிரித்தார்கள். யூரிக் அமிலப் படிகங்களால் கால் பெருவிரல் மூட்டு வீங்கித் துடிக்கும் கௌட் நோயில், அங்கே திரளும் வெள்ளை அணுக்களின் நடமாட்டத்தை இது முடக்குகிறது. வலி தணியும், யூரிக் அமிலம் குறையாது. தசைப்பிடிப்புக்குத் தரும் தயோகோல்சிகோசைடு மாத்திரைக்கும் இந்த விதையே மூலப்பொருள். கௌட்டுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் அளவு முதலில் 1.2 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.6, அவ்வளவுதான். சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு சேர்ந்தால் இந்த அளவே ஆபத்தாகலாம். விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும்போது, வீட்டுக் கஷாயத்தில் இதை எப்படி அளப்பது? விதை விற்பவர் மூட்டுவலிக்கு மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்குவதில் வெட்கமே இல்லை.

கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் இங்கும் உண்டு, இலங்கையிலும் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. கையுறை போட்டே கிழங்கையும் விதையையும் தொடுங்கள். விதை பிரிக்கையில் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். விதைச் சாக்கில் மறுபடி தானியம் கட்ட வேண்டாம். யாராவது தின்றுவிட்டால் வாந்தி, பேதி தொடங்கச் சில மணி நேரம் ஆகும். ஆள் நன்றாக இருக்கிறாரே என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். தின்றது எதுவோ, அதில் ஒரு துண்டை மருத்துவரிடம் காட்டக் கையோடு கொண்டு போங்கள்.