கடன் கணக்கும் கடிதமும்

நம் வியாபாரிகளுக்குப் பேச்சில் குறைவில்லை. ஆனால், பணம் சம்பந்தமாக நாலு வரி எழுத வேண்டுமென்றால் கை தயங்குகிறது. "பாக்கியைச் சீக்கிரம் அனுப்பி உதவவும்" என்று எழுதி முடித்துவிடுகிறோம். எவ்வளவு, எதற்காக, எந்தத் தேதிக்குள் என்று சொல்லாத கடிதம் விலாசமில்லாத தபாலுக்கு ஒப்பாகும்.

இதன் நஷ்டத்தை நாம் அனுபவித்திருக்கிறோம். பல வருடங்களாக நம் கடையில் சரக்கு எடுத்து வந்த அன்பர் ஒருவர் மௌத்தானார். ஜனாஸா எடுக்குமுன் அவருடைய மூத்த மகன் நம்மைத் தனியே அழைத்து, "மாமா, அத்தா உங்களுக்குத் தர வேண்டியது எவ்வளவு? நான் பொறுப்பேற்கிறேன்" என்றார். நமது பேரேடு ஒரு தொகை சொல்லிற்று. அவருடைய குறிப்பேடு வேறொன்று சொல்லிற்று. வித்தியாசம் 640 வெள்ளி. திரும்பி வந்த சரக்கைக் கழித்தோமா என்பது நமக்கே நினைவில்லை. நாம் அனுப்பிய கடிதங்களில் ஒன்றிலாவது தொகை இல்லை. குறைந்த தொகையையே ஏற்றோம். எனினும், எது ஹக்கு என்பது இன்றுவரை விளங்கவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா 282, கடனை எழுதுவது பற்றியதேயாகும். தவணை குறித்து எழுதவும், எழுதுபவர் நீதியோடு எழுதவும், கடன் பெற்றவரே வாசகம் சொல்லவும், சாட்சி வைக்கவும், சிறு தொகையாயினும் சலிப்படையாதிருக்கவும் அது போதிக்கிறது. ஆகவே, எழுதிக் கேட்பது சந்தேகப்படுவதாகாது.

கவனிக்க வேண்டியவை:

1. தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுக.

2. "அடுத்த மாதம்" என்னாது, தேதியைக் குறிப்பிடுக.

3. சரக்கு, வரவு, நிலுவை மூன்றையும் தனித்தனியே காட்டுக.

4. கோபத்தில் எழுதியதை அன்றே அனுப்பற்க. காலையில் மறுபடி படித்துப் பார்க்க.

5. போனில் பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி, பதில் பெறுக.

மாதிரி: "10-3-2025-ல் அரிசி 12 மூட்டைக்கு வெள்ளி 480. 2-4-2025-ல் வரவு 200. நிற்பது 280 (இருநூற்றெண்பது). 15-5-2025-க்குள் அனுப்பக் கோருகிறோம். கணக்கில் பிழையிருப்பின் தெரிவிக்கவும்." இதில் கடைசி வாக்கியமே முக்கியம். பிழையிருந்தால் இருவரும் உயிரோடிருக்கும்போதே அது வெளிப்படும்.

சட்டமும் எழுத்தையே மதிக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், சிங்கப்பூரில் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், சாதாரண வியாபாரக் கடனுக்கு வழக்குத் தொடுக்கும் காலம் 6 வருடங்கள். அதற்குள் கடன்பட்டவர் தம் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அன்று முதல் அக்காலம் புதிதாகத் தொடங்கும். வாய்ப்பேச்சுக்கு இப்பலன் இல்லை.

கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கும்படி அதே சூராவின் 280-ஆவது வசனம் கூறுகிறது. தாராளமாகக் கொடுப்போம். அந்த அவகாசத்தையும் தேதியிட்டு எழுதிக் கொடுப்போம். நமக்குப் பின் நம் பிள்ளைகள் ஜனாஸாவின் அருகே நின்று கணக்குத் தேடவேண்டாம்.