இண்டக்‌ஷன் ஹீட்டர் வாங்கப் போறீங்களா?

கையால் செய்த, பேட்டரியில் ஓடும் குட்டி இண்டக்‌ஷன் ஹீட்டரில் '120 வாட்' என்று போட்டிருந்தால் உடனே காசை நீட்டாதீங்க. முதலில் ஒரு கணக்குப் போடுங்க. மூன்று 18650 லித்தியம் செல்கள் சீரீஸில் 11.1 வோல்ட். 120-ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். சீரீஸ் என்பதால் ஒவ்வொரு செல்லும் அந்த முழுக் கரண்டையும் தாங்கணும். பழைய லேப்டாப்பில் கழற்றிய செல் தாங்காது. சூடேறும், தீப்பிடிக்கவும் செய்யலாம்.

வோல்ட்டேஜ் ரொம்ப இறங்கினாலும் ஆபத்துதான். இசட்.வி.எஸ். சர்க்யூட்டில் இரண்டு மாஸ்ஃபெட்டும் மாறி மாறி ஆன் ஆகணும். அது நின்றால் மாஸ்ஃபெட் எரிந்துவிடும்.

அதனால் விற்பவரிடம் மூன்று கேள்வி: செல்லின் தொடர் டிஸ்சார்ஜ் எத்தனை ஆம்பியர்? ஃபியூஸ் இருக்கா? லோ வோல்ட்டேஜ் கட்-ஆஃப் இருக்கா? பெட்டியைத் திறந்து காட்ட மறுத்தால், வாங்காமல் வந்துடுங்க.