70,000 கி.மீ. ஓடிய வண்டியில் லே போகலாமா?

கேள்வி: 70,000 கி.மீ. ஓடிய என் தண்டர்பேர்ட் 350-ல் சென்னையிலிருந்து லே போக ஆசை. கிளம்புமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். இன்ஜின் ஆயிலை மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார். செயினை நீங்கள் பாருங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்து இழுக்கும்போது பாதிப் பல் தெரிந்தால், செட்டாகவே மாற்றிவிடுங்கள். செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பிரேக் ஆயில் ஊற்றி இரண்டு வருடம் தாண்டிவிட்டதா? மாற்றியே ஆக வேண்டும். ஈரம் ஏறிய பழைய ஆயில் நீண்ட மலையிறக்கத்தில் சூடாகிக் கொதித்தால், லீவர் தொளதொளத்துப் பிரேக் பிடிக்காது. டயரில் பட்டன் இருந்தாலும் தேதியைப் பாருங்கள்: 3218 என்றால் 2018-ன் 32-வது வாரம் செய்தது. கிளட்ச் கேபிளைப் புதிதாகப் போட்டு, நல்ல நிலையில் உள்ள பழையதைப் பையில் வையுங்கள். சர்வீஸ் முடிந்த மறுநாளே கிளம்பாதீர்கள். பாண்டிச்சேரி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.