கேரம் பவுடரில் செதில் படிகம் வளர்ப்போம்!

(அறிவியல் பகுதி – ஒன்பதாம் வகுப்பு மாணவி)

இந்த இதழில் போரிக் அமிலம் பற்றி எழுதுகிறேன். அமிலம்னு சொன்னதும் பயந்துடாதீங்க. கேரம் போர்டில் காய் வழுக்கிப் போகத் தூவுறோமே வெள்ளைத் தூள், அதுதான் இது. மருந்துக் கடையில் போரிக் பவுடர் என்று கேட்டாலும் கிடைக்கும். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த காசிமா அக்கா 3 தங்கப் பதக்கம் வாங்கினார். அவர் அடித்த காய் வழுக்கி ஓடினதும் இந்த மாதிரித் தூளின் மேலதான்!

இந்தத் தூள் ஏன் வழுக்குகிறது? இதைத் தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. தூளைக் கரைத்து, பெரிய படிகமாக வளர்த்துப் பார்த்தால் அதுவே நமக்குக் காரணத்தைச் சொல்லிவிடும்.

முதலில் எச்சரிக்கை (இதைப் படிக்காமல் கீழே போகாதீங்க)

போரிக் அமிலம் பலவீனமான அமிலம்தான். கையைச் சுடாது. ஆனால் வயிற்றுக்குள் போனால் விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், அளவு கூடினால் சிறுநீரகம் பாதிக்கும், சின்னக் குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து. பார்க்க உப்பு, சர்க்கரை, கோலமாவு மாதிரியே இருக்கும். பல வீடுகளில் கரப்பான் பூச்சிக்கு இதை மாவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்து மூலையில் வைக்கிறாங்க. தவழுகிற தம்பி தங்கைக்கு அது தின்பண்டம் மாதிரி தெரியும். அதனால்:

1. பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யவும். அடுப்பு வேலையை அவர்களே செய்யட்டும்.
2. சமையலுக்குத் திரும்ப எடுக்காத பழைய பாத்திரம், பழைய கரண்டி மட்டும் பயன்படுத்தவும்.
3. கையில் புண், சிராய்ப்பு இருந்தால் தொடக்கூடாது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவவும்.
4. மீதித் தூளைப் பாட்டிலில் போட்டு 'விஷம் – சாப்பிடக் கூடாது' என்று எழுதி ஒட்டி, உயரமான இடத்தில் வைக்கவும். சமையலறையில் வைக்கவே கூடாது.
5. யாராவது தவறி விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108க்கு போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போகணும். தூள் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போகவும்.

படிகம் எப்படி உண்டாகிறது?

100 கிராம் நீரில் எவ்வளவு பொருள் கரையுமோ அதுவே அந்தப் பொருளின் கரைதிறன். சாதாரண உப்பு, சாதாரண வெப்பநிலையில் சுமார் 36 கிராம் கரையும். கொதிக்கும் நீரில் சுமார் 39 கிராம். அதாவது சூடாக்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. போரிக் அமிலம் அப்படிக் கிடையாது. 20 டிகிரி செல்சியஸில் 5 கிராம்கூட முழுசாகக் கரையாது. 100 டிகிரியில் சுமார் 27 கிராம் கரையும்.

நம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் உப்பளம் இருக்கு. அங்கே கடல்நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் வற்றவிட்டு உப்பு எடுக்கிறாங்க. ஏன் காய்ச்சி ஆறவைக்கிறதில்லை? ஆறவைத்தால் உப்பு கொஞ்சம்தான் பிரியும். தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் உப்பு விழும். போரிக் அமிலத்துக்கு வெயில் வேண்டாம், சூடு ஆறினாலே போதும். சூட்டில் கரைந்ததை ஆறின தண்ணீர் தாங்க முடியாமல் வெளியே தள்ளிவிடும். அப்படி வெளியே வருவதுதான் படிகம்.

தேவையான பொருட்கள்

போரிக் பவுடர் 8 தேக்கரண்டி (சுமார் 30 கிராம்), தண்ணீர் 200 மில்லி, ஒரே மாதிரியான பழைய எவர்சில்வர் டம்ளர் 2, பழைய பாத்திரம், வெள்ளைத் துணி, கொஞ்சம் வைக்கோல், மூடுவதற்குத் தட்டு.

செய்முறை

தண்ணீரைக் கொதிக்கவைத்து, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கவும். தண்ணீர் தெளிவாகும் வரை கலக்கணும். எவ்வளவு கலக்கியும் கலங்கலாகவே இருந்தால் அந்தத் தூளில் வேறு ஏதோ மாவு கலந்திருக்குன்னு அர்த்தம். அப்போது துணியில் சூடாகவே வடிகட்டிக்கொள்ளலாம். பிறகு இரண்டு டம்ளரிலும் சரிபாதியாக ஊற்றவும்.

முதல் டம்ளர்: குளிர்ந்த தண்ணீர் உள்ள பாத்திரத்தில் வைத்து, கரண்டியால் கலக்கிக்கொண்டே இருக்கவும்.

இரண்டாவது டம்ளர்: தட்டால் மூடி, சுற்றிலும் வைக்கோல் வைத்துப் பழைய துணியால் சுற்றி, யாரும் இடிக்காத மூலையில் ராத்திரி முழுக்க வைக்கவும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, ஆட்டவும் கூடாது.

காண்பது

முதல் டம்ளரில் சில நிமிடத்திலேயே தண்ணீர் பால் மாதிரி ஆகி, அடியில் பொடி பொடியாகப் படிந்துவிடும். கடையில் வாங்கின மாதிரியே இருக்கும்.

இரண்டாவதைக் காலையில் திறந்தால் அழகு! மீன் செதில் மாதிரி மெல்லிய தகடுகள், முத்துப் போலப் பளபளப்பு. தண்ணீரை மெதுவாகச் சுழற்றினால் தகடுகள் திரும்பும்போது வெளிச்சம் பட்டுப் பட்டு மின்னும். துணியில் வடித்து நிழலில் காயவைக்கவும். ஒரு செதிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் சோப்பு மாதிரி வழுக்கும். (உடனே கை கழுவவும்!)

எடை போட்டால் இரண்டு டம்ளரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருக்கும், ஒவ்வொன்றிலும் சுமார் 8 கிராம். மீதி தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். பொருள் ஒன்று, எடை ஒன்று, வேகம் மட்டும்தான் வேறு. அவசரமாகக் குளிர்ந்தால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் படிகம் தொடங்கிவிடும், எதுவும் வளர இடமில்லை. மெதுவாகக் குளிர்ந்தால் சில இடங்களில் மட்டும் தொடங்கி, மூலக்கூறுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசையில் வந்து சேரும்.

ஏன் செதில் வடிவம்?

போரிக் அமில மூலக்கூறு மூன்று இறக்கை ஃபேன் மாதிரி தட்டையானது. நடுவில் போரான் அணு, மூன்று பக்கமும் ஆக்சிஜன், ஒவ்வொரு ஆக்சிஜனோடும் ஒரு ஹைட்ரஜன். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து ஒரு தளமாக விரிந்துவிடும். ஆனால் ஒரு தளத்துக்கும் அதன் மேல் உள்ள தளத்துக்கும் பிடிப்பு ரொம்பக் குறைவு. அப்பளக் கட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அப்பளமும் முழுசாக இருக்கும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று எளிதாக நகரும். கேரம் காய் வழுக்குவதற்குக் காரணம் இதுதான். கண்ணுக்குத் தெரியாத அப்பளங்கள் காய்க்கு அடியில் நகர்ந்து கொடுக்கின்றன.

பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் இதே குடும்பம்தான். அதன் தளங்கள் நழுவித் தாளில் ஒட்டுவதால்தான் நாம் எழுத முடிகிறது. நம் தமிழ்நாட்டில் சிவகங்கையில் கிராஃபைட் கிடைக்கிறது.

நம்ம ஊர்க் கல்லிலும் இதே பாடம்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்கம் மூன்று மலையும் கிரானைட் பாறை. கல்லைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வெள்ளையும் ரோஸுமாக இருப்பது ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி மாதிரி இருப்பது குவார்ட்ஸ், கறுப்பாக மினுக்குகிற சின்னச் சின்னத் தகடு காக்காப்பொன். காக்காப்பொன்னும் தளம் தளமாகப் பிரியும், நம் டம்ளரில் வந்த செதில் மாதிரியே. பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு மிக மிக மெதுவாக ஆறியதால்தான் இவ்வளவு பெரிய படிகங்கள் வளர்ந்தன. வேகமாக ஆறியிருந்தால் கண்ணுக்கே தெரியாத பொடிப் படிகமாகப் போயிருக்கும். வைக்கோல் சுற்றின டம்ளரும் மலையும் சொல்வது ஒன்றுதான்.

(கல்லை உடைத்துப் பார்க்கக் கூடாது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. கண்ணால் பார்த்தாலே போதும்.)

உங்களுக்குத் தெரியுமா?

* நகை செய்யும் பத்தர்கள் பற்றவைக்கும்போது போடும் வெங்காரமும் போரான் சேர்ந்த பொருள்தான். லடாக்கில் பூகா பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வெங்காரம் இயற்கையாகவே படிந்து கிடக்கிறது.
* வெங்காரத்திலிருந்து முதன்முதலில் போரிக் அமிலத்தைத் தயாரித்தவர் வில்ஹெல்ம் ஹோம்பெர்க், ஆண்டு 1702.
* மல்லாட்டைச் செடிக்குப் போரான் கொஞ்சமாவது வேண்டும். இல்லாவிட்டால் பருப்பின் நடுவில் குழி விழுந்துவிடும். ஆனால் அளவு மீறினால் இலை கருகும். ஆகவே மீந்த தண்ணீரைச் செடியிலோ கிணற்றுப் பக்கமோ ஊற்ற வேண்டாம்.
* ஒரு காலத்தில் கைக்குழந்தைகளின் தோலில் இந்தத் தூளைப் போட்டார்கள். அதனால் குழந்தைகள் இறந்ததும் உண்டு. ஆகவே யார் சொன்னாலும் குழந்தைக்குப் போடக் கூடாது.

ஆறு, ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகள் இதற்குப் பதிலாக உப்பில் செய்யலாம். தெவிட்டிய உப்புக் கரைசலை ஒரு தட்டில் ஊற்றி நிழலில் விட்டால் நாலைந்து நாளில் குட்டிக் குட்டிக் கனசதுரம் வரும்.

சிந்திக்க

1. உப்பு கனசதுரமாகவும் போரிக் அமிலம் செதிலாகவும் வளர்வது ஏன்?
2. வைக்கோல் சுற்றிய டம்ளரை நடுராத்திரியில் ஒரு தடவை குலுக்கினால் படிகம் எப்படி மாறும்?

விடையைத் துண்டுத் தாளில் எழுதி, பெயர், வகுப்புடன் எங்கள் வகுப்பில் கொடுக்கவும். சரியான விடை அடுத்த இதழில் வரும். அதற்கு முன்னால், இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கேரம் பவுடரும் கரப்பான் உருண்டையும் எங்கே இருக்குன்னு பாருங்க. சின்னக் குழந்தை கைக்கு எட்டும் இடமாக இருந்தால் முதலில் அதை மேலே எடுத்து வையுங்கள். படிகம் அப்புறம் வளர்க்கலாம்.