பொள்ளாச்சியில் பிறந்தவரும் உங்க போனுக்குள்ள இருக்கிற ஆன்டெனாக்களும்

பிளேஸ்மென்ட் சீசன் நடக்கிற நேரத்துல மேட்ரிக்ஸ் பத்தி ஒரு கட்டுரையான்னு திட்டாதீங்க. கடைசி வரைக்கும் படிச்சா ஏன்னு புரியும்.

தேக்கம்பட்டி பக்கம் எங்க அப்புச்சிக்கு ஒரு பாக்குத் தோப்பு இருக்கு. அங்க போன் பேசணும்னா மோட்டார் ரூம் வாசப்படியிலதான் நிக்கணும். கொஞ்சம் தள்ளி நின்னாலும் கால் கட் ஆயிரும். "அந்த மலை சிக்னலத் தின்னுருது கண்ணு"ன்னு அப்புச்சி சொல்லுவாரு. மூணு வருஷம் இ.சி.இ. படிச்ச பிறகுதான் தெரிஞ்சுது, மலை சிக்னலைத் தின்கிறதோட நிறுத்திக்கறதில்ல. திருப்பியும் அனுப்புது. டவர்ல இருந்து வர்ற அலை ஒரே வழியில வராது. மலையில, மரத்துல, தகரக் கூரையில பட்டு எதிரொலிச்சு, பல வழியில, பல நேரத்துல வந்து சேரும். சில இடத்துல அலைகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வலுவாகும், சில இடத்துல ஒண்ணையொண்ணு அழிச்சிடும். 2 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் 15 செ.மீ. தான். அதனால ஒரு கையளவு நகர்ந்தாலே சிக்னல் எகிறும், இல்லனா படுத்துடும். இதுக்குப் பேர் ஃபேடிங்.

பல வருஷமா வயர்லெஸ் இன்ஜினியர்கள் இந்தப் பல வழிப் பயணத்தை ஒரு தொல்லையாத்தான் பார்த்தாங்க. "இந்தத் தொல்லையே நமக்கு லாபம்"னு 1992-ல ஒருத்தர் யோசிச்சாரு. அவர் அப்போ அமெரிக்காவுக்குக் குடியேறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்துது. பிறந்த ஊர் பொள்ளாச்சி. நம்ம மேட்டுப்பாளையத்துல இருந்து கோயம்புத்தூர் போய், உக்கடத்துல இன்னொரு பஸ் ஏறினா வந்துடும்.

யார் இவர்?

பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ். பிறந்தது 1944 ஏப்ரல் 14. படிச்சது ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளி. 15 வயசுலயே கடற்படையைத் தேர்ந்தெடுத்து, கடக்வாஸ்லா தேசிய பாதுகாப்பு அகாடமிக்குப் போயிட்டாரு. பிறகு லோனாவாலா கடற்படை பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல், 1966-ல் பி.இ. பட்டம்.

1969-ல் கடற்படை அவரை மேற்படிப்புக்காக டெல்லி ஐ.ஐ.டி.க்கு அனுப்பியது. எம்.டெக். படிக்கப் போனவருக்கு பேராசிரியர் பி.வி. இந்திரேசனோட ஆதரவுல அது பி.எச்.டி.யா மாறியது. இரைச்சலுக்கு நடுவுல இருந்து சிக்னலைக் கணிக்கிற கணிதம்தான் ஆய்வுத் துறை. 1973-ல் பட்டம் வாங்கினார்.

அதுக்கு நடுவுல ஒரு போர் வந்தது. 1971 டிசம்பர் 9 இரவு, அரபிக்கடலில் ஐ.என்.எஸ். குக்ரி கப்பலை பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், மொத்தம் 194 பேர் இறந்தார்கள். எதிரி நீர்மூழ்கியைச் சரியான நேரத்துல கண்டுபிடிக்கிற சோனார் நம்ம கப்பல்கள்ல இல்லைங்கிற உண்மை அன்னைக்கு எல்லாருக்கும் உறைத்தது. பழைய சோனார்களை மேம்படுத்துற வேலை பால்ராஜ் கைக்கு வந்தது. அடுத்து, கொச்சியில இருக்கிற கடற்படை ஆய்வகத்துல புதுசாவே ஒரு சோனார் உருவாக்குற திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். அதுதான் அப்சோ. 1983-ல் கப்பலுக்கு வந்தது.

நம்ம லேப்ல ஒரு ரெக்கார்ட் எழுதறதுக்கே மூக்கால அழறோம். பின்னால 194 உயிர் நிக்கிற ஒரு புராஜெக்ட் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கடல்ல கத்துக்கிட்டது காத்துல பயன்பட்டது

சோனார்ல வரிசையா நிறைய ஒலி உணரிகள் இருக்கும். ஒரே சத்தம் ஒவ்வொரு உணரிக்கும் கொஞ்சம் முன்னப் பின்ன வந்து சேரும். அந்த வித்தியாசத்தை வெச்சு சத்தம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு கணக்குப் போடலாம். கடலடித் தரை, நீர்மட்டம்னு எல்லாத்துலயும் ஒலி பட்டுத் திரும்பும் என்பதால அங்கயும் பல வழிப் பயணம்தான்.

1983 முதல் 1986 வரை அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு விருந்தினர் ஆய்வாளராகப் போனார். அங்க இருந்த பேராசிரியர் தாமஸ் கைலாத், புனேயில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். கைலாத், ரிச்சர்ட் ராய் ஆகியோரோட சேர்ந்து, சிக்னல் வரும் திசையைக் கணிக்கிற எஸ்பிரிட் என்ற முறையை உருவாக்கினார். அங்கயே தங்கியிருக்கலாம். ஆனா 1986-ல் திரும்பி வந்து, பெங்களூருவில் செயற்கை நுண்ணறிவு மற்றும் ரோபோட்டிக்ஸ் மையத்தோட முதல் இயக்குநரானார். 1991-ல் கமடோர் பதவியில் கடற்படையிலிருந்து ஓய்வு. அதுக்கப்புறம்தான் குடும்பத்தோட ஸ்டான்ஃபோர்டு. அதுவும் பேராசிரியரா இல்லை, ஆராய்ச்சியாளரா. ஒரு நாட்டோட சோனாரை உருவாக்கினவர், 47 வயசுல ஒரு புது நாட்டுல, ஒரு புது துறையில, கீழ்ப்படியில இருந்து ஆரம்பிச்சாரு.

இப்போ பாடம்: மிமோ

நான் பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம். மேட்ரிக்ஸுக்கு 'அணி', டிடர்மினன்ட்டுக்கு 'அணிக்கோவை'ன்னு தமிழ் மீடியத்துல படிச்ச என் ரூம்மேட்தான் சொல்லிக் குடுத்தான். அந்த அணியை வெச்சே பார்ப்போம்.

டவர்ல ரெண்டு ஆன்டெனா. ஒரே நேரத்துல, ஒரே அலைவரிசையில, ஒண்ணு 'அ' என்ற எண்ணையும் இன்னொண்ணு 'ஆ' என்ற எண்ணையும் அனுப்புது. உங்க போன்லயும் ரெண்டு ஆன்டெனா. ரெண்டுலயும் ரெண்டு சிக்னலும் கலந்துதான் வரும். ஆனா வந்த வழிகள் வேறங்கறதால கலவை விகிதமும் வேற:

முதல் ஆன்டெனா: 2அ + ஆ = 11
இரண்டாம் ஆன்டெனா: அ + 3ஆ = 18

ரெண்டு சமன்பாடு, ரெண்டு தெரியாத எண்கள். எட்டாம் வகுப்புப் பையன் போட்டுடுவான்: அ = 3, ஆ = 5. ஒரு சிக்னல் போற அதே அகலத்துல ரெண்டு சிக்னல் போயிடுச்சு! 2, 1, 1, 3 என்ற கெழுக்கள் போனுக்கு எப்படித் தெரியும்? டவர் இடையிடையே ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரிஞ்ச எண்களை அனுப்பும். அது எப்படிக் கலந்து வருதுன்னு பார்த்து போன் கெழுக்களைக் கண்டுபிடிச்சுக்கும்.

இப்போ மலையும் இல்லை, மரமும் இல்லை, வெட்டவெளின்னு வெச்சுக்கோங்க. ரெண்டு சிக்னலும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டு வழியில வரும்:

2அ + ஆ = 11
4அ + 2ஆ = 22

ரெண்டாவது சமன்பாடு முதல் சமன்பாட்டோட இரட்டைப் பிரதி. அணிக்கோவை சைபர். பிரிக்கவே முடியாது. அதாவது, சிக்னலைச் சிதறடிக்கிற மலையும் சுவரும் மரமும் இருந்தாத்தான் சமன்பாடுகள் தனித்தனியா கிடைக்கும். அப்புச்சி திட்டின மலை நமக்கு நல்லதுதான் பண்ணுது!

அணிக்கோவை சைபரா இல்லாம, சைபருக்குப் பக்கத்துல இருந்தா? பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க:

2அ + ஆ = 11
4அ + 2.1ஆ = 22.5

விடை அதேதான், 3, 5. இப்போ இரைச்சல் வெறும் 0.1 சேர்ந்து, 22.5 என்பது 22.6 ஆயிடுச்சுன்னு வைங்க. ஆ = 6, அ = 2.5. தப்பான விடை. அதே 0.1 பிழையை முதல் கணக்குல 18-ஓட சேர்த்தா அ = 2.98, ஆ = 5.04 தான் வரும். முழு எண்ணா ரவுண்ட் பண்ணா சரியான விடை. நல்ல சேனல், மோசமான சேனல்னு சொல்றதுக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

இதுல என்ன பெரிய லாபம்? ஷானன் சூத்திரத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. சிக்னல் இரைச்சலை விட 100 மடங்கு இருந்தா, ஒரு ஹெர்ட்ஸுக்கு விநாடிக்குச் சுமார் 6.7 பிட் அனுப்பலாம். பவரை மட்டும் கூட்டி அதை இரட்டிப்பாக்கணும்னா சிக்னல் இரைச்சலை விட 10,000 மடங்கு இருக்கணும். அதாவது பவர் 100 மடங்கு! ஆன்டெனாக்களை ரெண்டு பக்கமும் கூட்டினா, சிதறல் நல்லா இருக்கிற இடத்துல, வேகம் கிட்டத்தட்ட ஆன்டெனா எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி ஏறும்.

பால்ராஜும் கைலாத்தும் 1992-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1994 செப்டம்பரில் கிடைத்தது. அப்போ நிறைய பேர் நம்பலை. பெல் ஆய்வகத்தில் ஃபோஷினி, டெலட்டார் போன்றவங்க இதுக்கான கணித அடித்தளத்தை விரிவாகப் போட்ட பிறகு துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதனால இது ஒரே ஆளோட சாதனைன்னு எழுதினா தப்பாயிடும். ஆனா நம்பாதவங்களுக்குச் செஞ்சு காட்டணும்னு பால்ராஜ் 1998-ல் ஐயோஸ்பான் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். பின்னாடி அதோட தொழில்நுட்பத்தை இன்டெல் வாங்கியது. அடுத்து தொடங்கிய பீசீம் நிறுவனத்தை 2010-ல் பிராட்காம் வாங்கியது. இன்னைக்கு வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாத்துலயும் மிமோ இருக்கு. 5ஜி டவர்ல 64 ஆன்டெனா எல்லாம் சாதாரணம். 2010-ல் பத்ம பூஷண், 2014-ல் மார்கோனி பரிசு அவருக்கு வந்தது.

எங்க வீட்டுல நடந்த பேச்சு

எனக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில ஆஃபர் வந்திருக்கு. ஆசை எம்.டெக். மேல, அப்புறம் முடிஞ்சா வெளிநாட்டுல பி.எச்.டி. இந்த ஆளோட கதையைச் சொல்லித்தான் வீட்டுல கேட்டேன். அப்பா கல்விக் கடன் பாஸ்புக்கை எடுத்து டேபிள் மேல வெச்சாரு, ஒண்ணும் பேசல. அம்மாதான், "சாமி, போனவங்க திரும்பி வந்தாங்களா?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கு எங்கிட்ட நேரான பதில் இல்லை. பால்ராஜ் ஒரு தடவை திரும்பி வந்தாரு, அடுத்த தடவை வரலை. ஆனா இந்தியா 5ஜிக்குத் தயாராக என்ன பண்ணணும்னு அரசு அமைத்த உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 2018-ல் அறிக்கை கொடுத்தவர் அவர்தான். போயிட்டாருன்னு சொல்றதா, போகலைன்னு சொல்றதா? அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "எதுக்கும் சாப்பிட்டுட்டுப் பேசு"ன்னாங்க.

ஒண்ணு நேர்மையா சொல்லிடறேன். அவருக்குப் பின்னாடி கடற்படை இருந்துது, சம்பளத்தோட படிக்க வெச்சுது. நம்ம நிலைமை வேற. 'அவரால முடிஞ்சா உன்னாலயும் முடியும்'னு நான் சொல்ல வரலை. நான் ஆஃபரை வாங்கிக்கப் போறேன், கடன் முக்கியம். ஆனா கேட் புத்தகத்தை ஜூனியருக்குக் குடுக்கலை. 25 வயசுல வேலையில இருந்துக்கிட்டே படிக்கப் போனவர், 47-ல திரும்ப ஆரம்பிச்சவர். அதைப் பார்த்த பிறகு, 21-ல எடுக்கிற முடிவு கடைசி முடிவுன்னு நம்ப எனக்கு மனசு வரலை.

அடுத்த தடவை லீவுக்குப் போனப்ப அப்புச்சிகிட்ட ரெண்டு சமன்பாட்டையும் மண்ணுல எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்ப மலை இருக்கட்டும்ங்கற"ன்னாரு. சொல்லிட்டு மறுபடியும் மோட்டார் ரூம் வாசப்படியிலயே போய் நின்னு யாருக்கோ போன் போட்டாரு.