வெளிநாட்டில் உள்ள நம்மவரோடு குறைந்த செலவில் பேசுவது எப்படி?



நமது தோட்டங்களில் பல லயங்களில் இன்று தாயோ, அக்காவோ, மகளோ வீட்டில் இல்லை. சவூதி, குவைத், டுபாய் என்று வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். மகன்மார் சிலர் கட்டாரில், மலேசியாவில். 1990களில் இவர்களோடு பேச வேண்டுமென்றால் டவுனுக்கு பஸ் ஏறிப் போய், கொமியூனிகேஷன் கடையில் காத்திருந்து, நிமிடக் கணக்கில் காசு கட்ட வேண்டியிருந்தது. "சாப்பிட்டியா, சுகமா இருக்கியா" என்று கேட்டு முடிப்பதற்குள்ளே காசு முடிந்துவிடும்.

இன்று காம்பராவிலிருந்தே பேசலாம். ஆனாலும் "காசு போகுது, ஆனா சரியா கேக்கமாட்டேங்குது" என்ற குறை பல வீடுகளில் உண்டு. ஆகவே இந்த இதழில் இண்டர்நெட் கால் பற்றி ஒரு பாடமாகப் பார்ப்போம். வீட்டில் போன் தெரிந்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. இண்டர்நெட் கால் என்றால் என்ன?

மலையில் எடுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டி லொறியில் ஸ்டோருக்கு அனுப்புகிறோம் அல்லவா? அதுபோல நீங்கள் பேசும் குரலைப் போன் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி இண்டர்நெட் வழியாக அனுப்புகிறது. அங்கே இருக்கும் போன் அவற்றை வரிசையாக அடுக்கித் திரும்பவும் குரலாக்குகிறது. பாதை மோசமானால் சில பொட்டலம் பிந்தி வரும், சில வராமலே போகும். குரல் வெட்டி வெட்டிக் கேட்பது அதனால்தான்.

வட்ஸ்அப், இமோ, வைபர் எல்லாம் இப்படித்தான் வேலை செய்கின்றன. இவற்றில் ஒரு ஆப்பிலிருந்து அதே ஆப்புக்குப் பேசினால் நிமிடத்துக்குக் காசு இல்லை. பக்கத்து டிவிசனுக்குப் பேசினாலும் ரியாத்துக்குப் பேசினாலும் ஒன்றுதான். ஆனால் "ப்ரீ" என்று சொன்னாலும் முழுக்க ப்ரீ இல்லை. நீங்கள் ரீலோட் பண்ணி வாங்கிய டேட்டா செலவாகும். அந்தப் பக்கம் பேசுபவருக்கும் அப்படியே. அவர் வேலை செய்யும் வீட்டில் வைபை தந்தால் அவருக்குச் செலவில்லை.

ஸ்கைப் என்ற ஆப்பைச் சிலர் இன்னும் சொல்வார்கள். 2003இல் தொடங்கிய அந்தச் சேவை 2025 மே 5ஆம் திகதியோடு மூடப்பட்டுவிட்டது. யாராவது ஸ்கைப் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்டால் ஏமாறாதீர்கள்.

2. எவ்வளவு டேட்டா போகும்?

குரல் மட்டும் பேசினால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்குள்ளேயே முடியும். முகம் பார்த்துப் பேசும் வீடியோ கால் இதைப் போல் பல மடங்கு இழுக்கும். நிமிடத்துக்கு 5 எம்பி என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

1 ஜிபி என்பது சுமார் 1000 எம்பி.
குரல் மட்டும் பேசினால்: சுமார் 1000 நிமிடம். அதாவது 16 மணித்தியாலத்துக்கு மேல்.
வீடியோவில் பேசினால்: சுமார் 200 நிமிடம். அதாவது 3 மணி 20 நிமிடம்.

வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு நாளைக்கு 20 நிமிடம் என்று பேசும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு வாரத்துக்கு 160 நிமிடம். குரல் என்றால் 160 எம்பி போதும். வீடியோ என்றால் 800 எம்பி. பிள்ளை முகத்தைப் பார்க்கத் தாய்க்கு ஆசை இருக்கும், அதை வேண்டாம் என்று யார் சொல்வார்? முதல் இரண்டு நிமிடம் வீடியோவில் முகத்தைக் காட்டிவிட்டு, பிறகு கேமராவை நிறுத்திக் குரலில் பேசுங்கள். ஆசையும் தீரும், டேட்டாவும் மிஞ்சும்.

வட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா" என்று ஒரு இடம் உண்டு. அதில் காலுக்குக் குறைந்த டேட்டா பாவிக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள். இதுவரை காலுக்கு எவ்வளவு டேட்டா போனது என்ற கணக்கும் அங்கேயே தெரியும். படம், வீடியோ தானாக இறங்குவதையும் அங்கேயே நிறுத்தலாம். பல வீடுகளில் டேட்டாவைத் தின்பது கால் அல்ல, குறூப்பில் வரும் வீடியோக்கள்தான்.

பெக்கேஜ் போடும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாளைக்கு? பகலுக்கு எவ்வளவு, இரவுக்கு எவ்வளவு? (நடுச்சாமத்துக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடிய டேட்டா, விடியப் பெரட்டுக்குப் போகிறவருக்கு உதவாது.) வட்ஸ்அப் பெக்கேஜ் என்றால் செய்தி அனுப்ப மட்டுமா, கால் பேசவும் சேருமா?

3. எந்த நாட்டில் எது வேலை செய்யும்?

டுபாய், அபுதாபி, சார்ஜா எல்லாம் சேர்ந்தது ஐக்கிய அரபு இராச்சியம். அங்கே வட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தியும் குரல் செய்தியும் போகும். ஆனால் பல வருடமாக வட்ஸ்அப் காலுக்குக் கட்டுப்பாடு உண்டு. அனுமதி பெற்ற ஆப்களில்தான் பேசலாம். அவற்றில் நம்மவர்கள் அதிகம் பாவிப்பது போட்டிம். ஆகவே மகள் டுபாயில் இருந்தால் உங்கள் போனிலும் போட்டிம் இருக்க வேண்டும். விபிஎன் என்று ஒன்றைப் போட்டுத் தடையைத் தாண்டலாம் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். குற்றமான காரியத்துக்கு விபிஎன் பாவித்தால் அந்நாட்டுச் சட்டப்படி தண்டப்பணம் 5 இலட்சம் திர்ஹத்திலிருந்து தொடங்குகிறது. வீட்டு வேலைக்குப் போன பிள்ளையை அந்த ஆபத்தில் மாட்டிவிடக் கூடாது.

மற்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்பே இரண்டு ஆப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டால் மற்றது கை கொடுக்கும்.

அங்கே இருப்பவரிடம் டச் போன் இல்லையென்றால் என்ன செய்வது? வைபர் அவுட் போன்ற சேவையில் முன்கூட்டியே சிறு தொகை கட்டி, சாதாரண போனுக்கும் அழைக்கலாம். இது ப்ரீ இல்லை. காசு கட்டுவதற்கு முன் அந்த நாட்டுக்கு நிமிடத்துக்கு எவ்வளவு என்று ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

4. நம்பரும் நேரமும்

வெளிநாட்டு நம்பரை நாட்டு இலக்கத்தோடு போனில் பதிய வேண்டும். சவூதி 966, குவைத் 965, ஐக்கிய அரபு இராச்சியம் 971, கட்டார் 974, ஓமான் 968, ஜோர்தான் 962, மலேசியா 60. முன்னால் கூட்டல் அடையாளம் போடுங்கள். அவர்கள் நம் நம்பரைப் பதியும்போது முதலில் வரும் சைபரை விட்டுவிட்டு 94 சேர்க்க வேண்டும்.

நேரமும் வித்தியாசம். இங்கே இரவு 8 மணி என்றால் சவூதி, குவைத், கட்டாரில் மாலை 5.30. டுபாயிலும் ஓமானிலும் மாலை 6.30. மலேசியாவில் இரவு 10.30. அவர்கள் வேலை முடிந்து ஓய்வாக இருக்கும் நேரத்தைக் கேட்டு, வாரத்தில் இன்ன நாள், இன்ன மணி என்று ஒன்றைப் பேசி வையுங்கள். டேட்டாவை மூடி வைத்திருந்தால் இண்டர்நெட் கால் வராது. நேரம் தெரிந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் டேட்டாவைத் திறந்தால் போதும்.

5. சிக்னல் இல்லாத லயத்தில்

பள்ளத்தில் இருக்கும் லயங்களில் சிக்னல் வந்து வந்து போகும். அங்கே நின்று "ஹலோ, ஹலோ" என்று கத்துவதைவிடக் குரல் செய்தி அனுப்புவது நல்லது. மைக் அடையாளத்தை அழுத்திப் பிடித்துப் பேசிவிட்டு விட்டால் போதும். சிக்னல் கிடைக்கிற நேரம் அது தானாகப் போய்ச் சேரும். மலைக்கு ஏறும்போதோ ஸ்டோர் பக்கம் போகும்போதோ பதில் வந்து இறங்கிவிடும். எழுதத் தெரியாத ஆயாவும் இதைப் பாவிக்கலாம்.

6. ரீலோட் வீணாகும் வழிகள்

முதலாவது: வட்ஸ்அப்பில் அழைக்க நினைத்துச் சாதாரண கால் பட்டனை அழுத்துவது. அது வெளிநாட்டுக் காலாகப் போய் நிமிடத்துக்குக் காசு வெட்டும். ஆகவே முதலில் ஆப்பைத் திறந்து, அதற்குள்ளிருந்தே அழையுங்கள்.

இரண்டாவது: தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து மிஸ்கால் வந்தால் உடனே திருப்பி எடுப்பது. நம் பிள்ளையாக இருக்குமோ என்று மனம் துடிக்கும். திருப்பி எடுக்கவைத்துக் காசு வெட்டுவதற்கென்றே அப்படி மிஸ்கால் கொடுப்பவர்கள் உண்டு. பிள்ளையிடம் குரல் செய்தியில் கேட்டுவிட்டுப் பிறகு எடுங்கள்.

மூன்றாவது: "50 ஜிபி இலவசம், இதை அழுத்தி 10 பேருக்கு அனுப்புங்கள்" என்று வரும் செய்தி. எந்தக் கம்பனியும் அப்படி டேட்டா பங்கு போடுவதில்லை. அழுத்தாதீர்கள், மற்றவருக்கும் அனுப்பாதீர்கள்.

7. ஆறு இலக்க நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள்

வட்ஸ்அப் போடும்போது எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்க நம்பர் ஒன்று வரும். அது உங்கள் வீட்டுத் திறப்பு மாதிரி. "தவறுதலா உங்களுக்கு வந்துட்டு, கொஞ்சம் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும், தெரிந்தவர் பெயரில் கேட்டாலும், சொல்லக் கூடாது. சொன்னால் உங்கள் வட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு "அப்பாவுக்கு வருத்தம், அவசரமா காசு அனுப்பு" என்று செய்தி போகும். அவளும் நம்பி அனுப்புவாள். இதைத் தடுக்க, செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்ற இடத்தில் இரண்டாவது பூட்டாக ஒரு பின் நம்பர் வைக்கலாம். காசு பற்றிச் செய்தி வந்தால் இரு பக்கமும் குரலைக் கேட்காமல் அனுப்புவதில்லை என்று பேசி வையுங்கள்.

இன்னொன்று: வெளிநாடு போனவர் நம் நாட்டு நம்பரிலேயே வட்ஸ்அப் வைத்திருந்தால் அந்த சிம்முக்கு இங்கிருந்து இடையிடையே ரீலோட் போடுங்கள். நெடுங்காலம் பாவிக்காத நம்பரைக் கம்பனி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

8. பேச்சு நின்றால் என்ன செய்வது?

இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி இதுதான். கால் மலிவு என்பதற்காக நீளமாகப் பேச வேண்டியதில்லை, தவறாமல் பேச வேண்டும். ஒவ்வொரு வெள்ளியும் பேசுகிற மகள் இரண்டு வெள்ளி பேசவில்லை என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். எப்போதாவது பேசுகிற மகள் இரண்டு மாதம் பேசாவிட்டாலும் "வேலை கூடவா இருக்கும்" என்று இருந்துவிடுவோம். வீட்டுக்காரர் போனைப் பறித்து வைத்திருந்தாலும் நமக்குத் தெரிய வராது.

ஆகவே பிள்ளை புறப்படும் முன் ஒரு கொப்பியில் இவற்றை எழுதி வையுங்கள்: கடவுச்சீட்டு இலக்கம், ஏஜென்சியின் பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும், வேலை செய்யப்போகும் வீட்டுக்காரரின் பெயர், ஊர், போன் நம்பர். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றும் அதோடு இருக்கட்டும். போன் உடைந்தாலும் கொப்பி இருக்கும்.

வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது பிள்ளையால் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதற்காக உங்களுக்குள் மட்டும் ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டிக்கு மருந்து வாங்கினீங்களா?" என்று அவள் கேட்டால் அங்கே பிரச்சினை என்று அர்த்தம் என்பது போல.

அந்த வார்த்தை வந்தாலோ, பேசி வைத்த நாட்கள் இரண்டு தவறினாலோ, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தயக்கமாக இருந்தால் கொப்பியோடு தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், சேர்ந்து எடுப்போம்.

1989, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 ஆகிய இலக்கங்களுக்கு வட்ஸ்அப்பிலோ இமோவிலோ எடுக்க முடியாது. சாதாரண காலில்தான் எடுக்க வேண்டும். அதனால் டேட்டாவுக்கு மட்டும் காசு போட்டுவிட்டு இருக்காமல் சாதாரண காலுக்கும் போனில் கொஞ்சம் மீதி வைத்திருங்கள்.

பயிற்சி

இந்த வாரம் வீட்டில் எல்லோரும் இருந்து செய்து பாருங்கள்.

(1) ஒரு மாதத்தில் உங்கள் வீட்டில் எத்தனை நிமிடம் வெளிநாட்டோடு பேசுகிறீர்கள்? குரலென்றால் எத்தனை எம்பி, வீடியோவென்றால் எத்தனை எம்பி?
(2) வட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டீர்களா?
(3) பேசும் நாளும் நேரமும் முடிவு செய்துவிட்டீர்களா? காம்பராவில் கலண்டரில் குறித்து வையுங்கள்.
(4) கொப்பியில் எழுத வேண்டிய விபரங்களில் எது இன்னும் இல்லை? அடுத்த காலில் முதலில் அதைக் கேட்டு எழுதுங்கள்.