பத்திரம் முதலில், பெயின்ட் கடைசியில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

திருச்சி வீட்டை விற்பதென்று முடிவெடுத்ததை அக்கா போனில் சொன்னாள். பெயின்டரைக் கூப்பிட்டு விலை கேட்டுவிட்டாயாம். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். சுவரைத் தொடுவதற்கு முன் பீரோவைத் திற. விலை படிந்து, அட்வான்ஸும் வாங்கிய பிறகு காகிதத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய. வீட்டைத் தயார்செய்வது என்றால், வாங்க வருபவர் எதைக் கேட்டாலும் மறைக்காமல் பதில் சொல்லக்கூடிய நிலைக்கு அதைக் கொண்டுவருவது.

முதல் கேள்வி, விற்கும் உரிமை யாருக்கு என்பது. மனையை உன் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார், உயில் எழுதவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக, உன் அம்மா, நீ, உன் தங்கச்சி, உன் அப்பாயி நால்வருக்கும் சம பங்கு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் அப்பாயி பெயர் இருக்கிறதா என்று பார். அதைவிட முக்கியம், இப்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேள். கைநாட்டு வைக்க மட்டும் கடைசி நாளில் காரில் ஏற்றிக்கொண்டு போகாதே. அது அவர் பெற்ற பிள்ளையின் வீடு.

தங்கச்சி சிங்கப்பூரிலிருந்து வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு உனக்குப் பவர் அனுப்பட்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

அடுத்து, அப்பாவின் கிரயப் பத்திரத்தையும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களையும் தேதிவாரியாக அடுக்கு. பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருட வில்லங்கச் சான்று எடுத்து, ஒவ்வொரு பதிவையும் கையிலுள்ள பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார். ஏதாவது ஒரிஜினல் தொலைந்திருந்தால் போலீசில் புகார் கொடுத்து, பத்திரிகையில் விளம்பரம் செய்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலும் வாங்க வேண்டியிருக்கும். வாங்குபவர் வந்த பிறகு இதைத் தொடங்கினால் அவர் காத்திருக்க மாட்டார்.

அப்பா வீட்டுக்கடனை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால் கடன் வாங்கியபோது பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிவாகியிருந்தால், அதை ரத்து செய்யும் ரசீதும் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் உயிரோடுதான் இருக்கும். கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் ஒரிஜினல்களைத் திருப்பித் தந்து, அடமானப் பதிவையும் நீக்க வேண்டும் என்பது 2023-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பழைய கடன்களுக்கு நீயே கிளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எல்லாவற்றையும் வாரிசுகள் பெயருக்கு மாற்று. பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு, தரையில் ஓர் அளவு இருந்தால் சர்வேயரை வைத்து அளந்துவிடு. மாடி அறை அனுமதி வரைபடத்தில் இருக்கிறதா என்றும் பார். வாங்குபவர் கடன் போட்டால் வங்கியின் வக்கீலும் இன்ஜினியரும் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

இப்போது வீட்டுக்குள் வா. பின்கட்டுச் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறதே, அதன் மேல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழையில் உரிந்து விழும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி: மொட்டைமாடித் தட்டோட்டில் விரிசலா, குளியலறைக் குழாய்க் கசிவா, அடைத்த மழைநீர்க் குழாயா? அதைச் சரிசெய்து, பூச்சைக் கொத்தி, சுவரை நன்றாகக் காயவிட்டு, பிறகு பட்டி பார்த்து பிரைமர் அடி. சம்ப், மேல்தொட்டி இரண்டையும் கழுவு. மழைநீர்த் தொட்டியைத் தூர்வாரு. இறுகின கதவைச் சீவு, சொட்டும் குழாயை மாற்று. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைப் பார். கிச்சன் மேடையை இடித்துப் புதிதாகக் கட்டாதே. வருபவர் தன் விருப்பப்படி கட்டிக்கொள்வார்.

சரிசெய்ய முடியாததைச் சொல்லிவிடு. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவே அதைக் கட்டாயமாக்குகிறது: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை மறைக்கக் கூடாது. ஐப்பசியில் தெருவில் தண்ணீர் நிற்பதைப் பங்குனியில் பார்க்க வருபவர் எப்படி அறிவார்? நீ சொன்னால் விலையில் கொஞ்சம் குறையலாம். ஆனால் அந்த விலைதான் நிலைக்கும்.

பணத்தில் கறாராக இரு. அட்வான்ஸானாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதே. வருமான வரிச் சட்டம் அதைத் தடுக்கிறது. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடிப்பார். தங்கச்சி வெளிநாட்டில் வசிப்பதால் அவள் பங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிடித்தம் மிகவும் கூடுதல். குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்க நாளாகும். ஆதலால் ஆடிட்டரை இந்த மாதமே பார். அப்பா கட்டிய காலத்துப் பில்களை எடுத்துக்கொண்டு போ. லாபக் கணக்கில் அவை செலவாகச் சேரும்.

இத்தனையும் முடிய மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு புரோக்கரிடம் சாவியைக் கொடுத்துவிடாதே. உன் அப்பா யாரையும் ஏமாற்றாமல் வாழ்ந்தவர். அவர் கட்டிய வீட்டை வாங்கும் குடும்பமும் வக்கீல் வாசலுக்கு அலையாமல் அதில் குடியிருக்க வேண்டும். அதற்கான வேலையைப் பத்திரக் கட்டிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
மாமா